மூளைக் கட்டியின் கிழங்கை மூலிகை அழிக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மாமாவுக்கு 54 வயது. சென்னையில் ஆபரேஷன் முடிந்தது. ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று இருக்கிறது. அடுத்த வாரம் ரேடியேஷனும் டெமோசோலமைடு என்கிற கீமோ மாத்திரையும் தொடங்குகிறார்கள். மூளைப் புற்றுநோயின் ஸ்டெம் செல்களை மஞ்சள், கருஞ்சீரகம், அமுக்கரா, நித்தியகல்யாணி எல்லாம் அழிக்கும் என்று உறவினர் ஒருவர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இது உண்மையா ஐயா? கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலில் உள்ள நித்தியகல்யாணிக் கஷாயத்தைக் கொடுக்க ஆரம்பித்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆரம்பிக்கவில்லையென்றால் தொடவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. 28 வருஷம் மருந்தியல் பாடம் நடத்தியவன். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் மஞ்சள் சத்தை விட்டுப் பார்த்திருக்கிறேன். பிறந்தது நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம், இப்போது இருப்பது கும்பகோணம். அதனால் உங்கள் கேள்விக்கு வயல் பாஷையிலேயே பதில் சொல்ல வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவர் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் செல்கள் செத்ததும் நிஜம்தான். அவை எங்கே செத்தன, எவ்வளவு மருந்தில் செத்தன என்பதைப் பட்டியல் எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டெம் செல் என்றால் என்ன என்பதிலிருந்து வருகிறேன். வயலில் கோரை பார்த்திருப்பீர்கள். களைக்கொத்தால் கொத்திப் போட்டால் வயல் துடைத்த மாதிரி ஆகிவிடும். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் ஊசி ஊசியாகப் பச்சை. தோண்டினால் விரல் நுனியளவு கறுப்புக் கிழங்கு ஒன்று, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அப்புறம் இன்னொன்று. களைக்கொல்லி அடித்தாலும் இலை விட்ட கிழங்குதான் சாகும். தூங்குகிற கிழங்குக்கு இலையே இல்லை, மருந்து எந்த வழியாக உள்ளே போகும்? எங்கள் அப்பா கோரையை ‘குடியிருக்க வந்த களை’ என்பார்.

கிளியோபிளாஸ்டோமாவும் ஏறக்குறைய இப்படித்தான். ஆபரேஷன் தாளை வெட்டுகிறது. ரேடியேஷனும் மாத்திரையும் வேகமாகப் பெருகுகிற செல்களைக் கொல்கின்றன. அடியில் மெதுவாகப் பிரிந்துகொண்டோ, சும்மா தூங்கிக்கொண்டோ ஒரு கூட்டம் இருந்துவிடுகிறது. அதைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறார்கள். கட்டி அங்கிருந்து திரும்ப முளைக்கிறது. 2004இல் கனடாவின் டொரான்டோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர் இதைக் காட்டினார்கள். மனிதக் கட்டியிலிருந்து சி.டி.133 என்கிற அடையாளம் உள்ள செல்களைப் பிரித்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் மூளையில் வைத்தார்கள். வெறும் 100 செல்லிலிருந்தே கட்டி வளர்ந்தது. அந்த அடையாளம் இல்லாத செல்களை 1 லட்சம் வைத்தும் வளரவில்லை. 2006இல் அமெரிக்காவில் ஜெரமி ரிச் குழு, இந்தச் செல்கள் ரேடியேஷனால் உடைந்த டி.என்.ஏ.வை மற்ற செல்களைவிடச் சீக்கிரமாகப் பழுது பார்த்துக்கொள்கின்றன என்று கண்டது. 2012இல் எலிகளில் இன்னொரு சோதனை. டெமோசோலமைடு கொடுத்து நிறுத்திய பிறகு கட்டி மறுபடி முளைத்தது இந்த மாதிரி ஒதுங்கிக் கிடந்த சிறு கூட்டத்திலிருந்துதான் என்று அதில் தெரிந்தது.

ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை. சி.டி.133 இல்லாத சில செல்களும் கட்டியை வளர்க்கும் என்று பிறகு தெரிய வந்தது. அதைவிடச் சங்கடமான விஷயம், சாதாரணப் புற்றுநோய் செல்லே சூழ்நிலை நெருக்கினால் ஸ்டெம் செல்லின் குணத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோரைக்குக்கூட இந்தத் தந்திரம் தெரியாது. தாளே கிழங்காக மாறுகிற களையை என்ன செய்வது? ஆகவே ‘ஸ்டெம் செல்லை மட்டும் கொன்றால் போதும்’ என்று எங்காவது படித்தால் கொஞ்சம் தள்ளி நின்றே படியுங்கள்.

இப்போது மஞ்சள். பட்டியலில் முதலில் இருப்பது அது. நான் கையால் தொட்டு வேலை பார்த்ததும் அதுதான்.

மஞ்சள்பொடியில் சுமார் 3 சதவீதம் கர்க்குமின் என்கிற சத்து. தண்ணீரில் கரையவே கரையாது. ஆய்வகத்தில் அதை டி.எம்.எஸ்.ஓ. என்கிற கரைப்பானில் கரைத்து, செல்கள் இருக்கும் தட்டில் விடுவோம். என் கோட்டுப் பை, பிப்பெட், நோட்டு எல்லாம் மஞ்சள். வீட்டுக்காரி துணியைத் தனியாகத்தான் ஊறவைப்பாள். இரண்டு நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் சுருங்கி உருண்டு மிதக்கும். ஸ்டெம் செல்களை வளர்த்தால் அவை தட்டில் ஒட்டாமல் சின்னச் சின்ன உருண்டையாக, ஜவ்வரிசி மாதிரி மிதக்கும். கர்க்குமின் விட்ட தட்டில் அந்த உருண்டைகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறையும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ‘மஞ்சள் புற்றுநோய் ஸ்டெம் செல்லை அழித்தது’ என்கிற செய்தி பிறப்பது இந்த இடத்தில்தான்.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிறதே, அது கர்க்குமின் காரத்தில் உருமாறுவது. உடம்பின் காரத்தன்மை சுண்ணாம்பு அளவு இல்லை. ஆனாலும் பி.எச். 7.2, 37 டிகிரி சூட்டில், அதாவது உடம்புக்குள் இருக்கிற நிலையில், வெறும் உப்புக் கரைசலில் வைத்த கர்க்குமினில் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடுகிறது. போதாததற்கு அது கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும், சோதனைக் கருவியையே ஏமாற்றும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் 120க்கு மேற்பட்ட மனித ஆய்வுகளை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று கொடுக்கிறவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு எதிலும் கர்க்குமின் ஜெயிக்கவில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வலித்தது. மூன்று வருஷ உழைப்பு அல்லவா.

அதையும் தாண்டி பெரிய தடை ஒன்று உண்டு. கடைமடை.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மறுநாள் பேப்பரில் பூத்தூவுகிற படம் வரும். வேதாரண்யம் பக்கம் இருக்கிறவர் அந்தப் படத்தைப் பார்த்து விதை விட முடியுமா? தண்ணீர் முக்கொம்பு, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, வழியில் எல்லோரும் எடுத்தது போக அவர் மதகுக்கு வந்தால்தான் உண்டு. வாயில் போட்ட கர்க்குமின் மேட்டூரில் திறந்த தண்ணீர். மூளைக் கட்டி கடைமடை. குடலில் பெரும்பங்கு உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். உறிஞ்சப்பட்டதைக் குடல் சுவரும் கல்லீரலும் உடனே சர்க்கரைப் பொருளோடு கோத்து வெளியேற்றிவிடும். மிச்சம் ரத்தத்தில் வருவது சொற்பம். தினம் 8 கிராம் கர்க்குமின் கொடுத்துப் பார்த்தவர்களின் ரத்தத்தில் உச்சத்தில் கிடைத்தது 1.77 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அலகு). 8 கிராம் கர்க்குமின் என்றால் நம் வீட்டு மஞ்சள்பொடி கால் கிலோவுக்கு மேல், ஒரு நாளைக்கு.

அந்த ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக இன்னொரு மதகு இருக்கிறது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மற்ற இடங்களைப் போல இல்லை. செல்லோடு செல் இறுக்கமாகத் தைத்து வைத்தது போல இருக்கும். தப்பித்தவறி நுழைந்ததையும் இறைத்து வெளியே தள்ள மோட்டார் மாதிரி சில புரதங்கள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கின்றன. கட்டியின் நடுப்பகுதியில் இந்தச் சுவர் ஓட்டையாகிவிடும். ஆனால் அந்த நடுப்பகுதியைத்தான் சர்ஜன் ஏற்கெனவே எடுத்துவிட்டாரே. ஓரத்தில் நல்ல மூளைக்குள் ஊடுருவிய செல்கள் இருக்கிற இடத்தில் சுவர் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. கிழங்கு ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஜெர்மனியில் இதை நேராகவே அளந்து பார்த்தார்கள். கிளியோபிளாஸ்டோமா நோயாளிகள் 13 பேருக்கு, நன்றாக உறிஞ்சப்படும்படி தயாரித்த கர்க்குமினை ஆபரேஷனுக்கு முன் 4 நாள் கொடுத்தார்கள். வெட்டியெடுத்த கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 1 மில்லிகிராம் திசுவில் 56 பிகோகிராம். கணக்குப் போட்டால் 0.15 மைக்ரோமோலார் வரும். அலகின் பெயரை விடுங்கள், எண்ணை மட்டும் பாருங்கள். தட்டில் செல்களைக் கொல்ல நாங்கள் விட்டது 10, 20, சில சமயம் 50.

மிளகு சேர்த்தால் உறிஞ்சுவது 20 மடங்கு கூடும் என்று உங்கள் உறவினர் எழுதியிருப்பார். பட்டியல் எழுதுகிறவர்கள் அதை விடவே மாட்டார்கள். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு அது, உண்மையானதுதான். 2 கிராம் கர்க்குமினோடு மிளகிலுள்ள சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம். ஒன்றுமில்லாததின் 20 மடங்கு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். மிளகு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். அதில் வேறொரு வம்பு இருக்கிறது.

கருஞ்சீரகத்தில் தைமோகுவினோன், அமுக்கராவில் விதாஃபெரின், நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு, வெங்காயத்தில் குவெர்செட்டின், மரமஞ்சளில் பெர்பெரின். இவற்றுக்கும் தட்டிலும் எலியிலும் முடிவுகள் இருக்கின்றன. கிளியோபிளாஸ்டோமா வந்த மனிதருக்கு ஆயுளைக் கூட்டியதாக எதற்கும் நிரூபணம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கட்டுரைகள் பலவற்றில் பயன்படுத்திய யு87 என்கிற செல் 1960களில் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்தது என்று நம்பியே எல்லோரும் வேலை பார்த்தோம். 2016இல் டி.என்.ஏ. பார்த்தபோது, உலகமெங்கும் கைமாறிக்கொண்டிருந்த செல் அந்த மூலக் கட்டியினுடையது இல்லை என்று தெரிந்தது. விதை நெல் மூட்டையில் பெயர் மாறிப்போன கதை.

இதையெல்லாம் சொன்னதால் செடியிலிருந்து மருந்தே வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்திருக்கிறது. நித்தியகல்யாணியே சாட்சி.

நம் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். ஆற்றங்கரை மயானத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கொண்டு நிற்கும். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்கிற இருவர், ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த அந்த இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அந்தச் சாவிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் பிறகு வின்கிறிஸ்டினும் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் இன்றைக்கும் வின்கிறிஸ்டின் இல்லாமல் சிகிச்சை இல்லை. சில வகை மூளைக் கட்டிகளிலும் மற்ற இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், மூளைக்குள் அது அவ்வளவாகப் போவதில்லை என்று தெரிந்தும். நம் மாநிலத்தின் தென்மாவட்டங்களில் இந்தச் செடியைப் பயிராகவே போடுகிறார்கள். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்.

இப்போது முதல் பத்தியில் சொன்னதற்குக் காரணம் புரிந்திருக்கும். எலும்பு மஜ்ஜையை அடக்குகிற சரக்கு அந்த இலையில் நிஜமாகவே இருக்கிறது. எந்தக் கொத்தில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டெமோசோலமைடும் அதே வேலையைச் செய்கிற மாத்திரை. இரண்டும் சேர்ந்து வெள்ளை அணுவையும் பிளேட்லெட்டையும் இறக்கினால் ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்துவார்கள். எதனால் இறங்கியது என்றும் அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டெம் செல்லையே குறிவைத்துப் போன செடிச் சத்து ஒன்றும் உண்டு. அதன் கதைதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் 1950களில் ஆட்டுக்காரர்களுக்கு ஒரு பயங்கரம்: நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டு அல்லிச் செடிதான் காரணம் என்று வருஷக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த சத்துக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். 1998இல் அது ‘ஹெட்ஜ்ஹாக்’ என்கிற வளர்ச்சிச் சமிக்ஞையை அடைப்பது தெரிந்தது. கரு வளர்வதற்கும் ஸ்டெம் செல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்கும் அந்தச் சமிக்ஞை வேண்டும். 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கிளியோபிளாஸ்டோமா உருண்டைகளின் மேல் சைக்ளோபமைனை விட்டார்கள். ஸ்டெம் செல்கள் காணாமல் போயின. அப்புறம் அதே இலக்கை அடைக்கிற, அதைவிடச் சுத்தமான விஸ்மோடெகிப் மாத்திரை வந்தது. 2012இல் அமெரிக்காவில் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு அனுமதியும் கிடைத்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற மூளைக் கட்டியில், அந்தச் சமிக்ஞை கெட்டுப்போன சிலரிடமும் வேலை செய்தது. கிளியோபிளாஸ்டோமா திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை.

இலக்கு தெரிந்தது, மருந்து தூய்மையானது, அளவு சரியாக இருந்தது. அப்படியும் கைகொடுக்கவில்லை. கருஞ்சீரக எண்ணெய் ஒரு ஸ்பூன் அதைச் செய்துவிடும் என்று நான் உங்களிடம் எப்படிச் சொல்வேன்?

நம்பிக்கை தரும் இரண்டையும் சொல்கிறேன், இரண்டும் அளவோடு. ஆரஞ்சுத் தோல், லாவண்டர் வகை வாசனை எண்ணெய்களின் குடும்பத்தைச் சேர்ந்த பெரில்லைல் ஆல்கஹால் என்கிற பொருளை பிரேசிலில் பல வருஷமாக, கட்டி திரும்பி வந்தவர்களுக்கு மூக்கு வழியாக உறிஞ்சக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வயிறும் கல்லீரலும் வழியில் குறுக்கிடாமல் மூளைக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் வெட்டுகிற யோசனை. அதைச் சுத்தப்படுத்திய வடிவம் அமெரிக்காவில் முதல் கட்டத்தில் 12 பேரிடம் சோதிக்கப்பட்டது. பெரிதாகப் பக்கவிளைவு இல்லை. பெரிய ஒப்பீட்டு ஆய்வு வந்தால்தான் மற்றது தெரியும். கடையில் விற்கிற வாசனை எண்ணெயை மாமா மூக்கில் விட்டுவிடாதீர்கள், அது வேறு சமாசாரம்.

மற்றது குந்திரிக்கம். சாம்பிராணி போலப் புகைபோடுகிற பிசின்தான், வடக்கே சல்லகி என்பார்கள். ஜெர்மனியில் மூளைக்கு ரேடியேஷன் எடுத்த 44 பேரில் பாதிப் பேருக்கு அதன் சாறு தினம் 4,200 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ரேடியேஷன் முடிந்ததும் பார்த்தால், மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் சாறு எடுத்தவர்களில் 60 சதவீதம், மற்றவர்களில் 26 சதவீதம். கட்டியைக் கரைத்ததாகவோ ஆயுளைக் கூட்டியதாகவோ நிரூபணம் இல்லை. ஆனாலும் வீக்கம் குறைவது சின்ன விஷயமில்லை. தலைவலியும் வாந்தியும் குறையும், ஸ்டீராய்டு தேவையும் குறைய வாய்ப்பு உண்டு. உங்கள் டாக்டரிடம் ஒரு மூலிகையைப் பற்றித்தான் கேட்க முடியும் என்றால் நான் இதைக் கேட்பேன். கேட்காமல் வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கு உள்ளபடி சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 573 பேரை வைத்து நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் தாண்டினார்கள். டெமோசோலமைடும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதம் தாண்டினார்கள். இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் 2 வருஷம் தாண்டியவர்களைப் பாருங்கள்: 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதம். நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்த இடத்தில் இருபத்தாறு பேர். மாமாவின் கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்கிற மரபணு அடைபட்டிருந்தால் இந்த மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். பயாப்சி ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். இந்த 6 வார ரேடியேஷனில், திங்கள் முதல் வெள்ளி வரை 30 நாளில், ஒரு நாளும் விட்டுப்போகாமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இப்போது வீட்டார் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். மூலிகை அதைக் கெடுக்கக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வலிப்பு மாத்திரை. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் கொடுத்திருப்பார்கள். அது ஃபெனிடாயினாக இருந்தால் மிளகோடு வம்பு. 2001இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 6 பேருக்கு 200 மில்லி சூப்பில் 1 கிராம் மிளகு போட்டுக் கொடுத்ததிலேயே ரத்தத்தில் ஃபெனிடாயின் ஏறியது. அந்த மருந்துக்கு வேலை செய்கிற அளவும் விஷமாகிற அளவும் பக்கத்துப் பக்கத்து வீடு. கொஞ்சம் ஏறினாலே தள்ளாட்டம், கண் ஆட்டம், குழறல். வீட்டில் கட்டி திரும்ப வளர்கிறது என்று நினைத்துப் பதறுவீர்கள். பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் என்றால் சொல்லவே வேண்டாம். லெவெடிராசெட்டம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, பலருக்கும் இப்போது அதுதான் எழுதுகிறார்கள்.

அப்புறம் கல்லீரல். மஞ்சள் கேப்ஸ்யூலாலும் அமுக்கரா மாத்திரையாலும் மஞ்சள்காமாலை வந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் கடந்த சில வருஷங்களில் கூடிக்கொண்டே வருகின்றன. குழம்பில் போடுகிற மஞ்சளால் இல்லை, அடர்த்தியாக்கி அடைத்து விற்பதால். டெமோசோலமைடும் அபூர்வமாகக் கல்லீரலைத் தொடும். கர்க்குமினுக்கு ரத்தம் உறைவதைக் கொஞ்சம் மந்தமாக்குகிற குணமும் உண்டு. பிளேட்லெட் குறைந்திருக்கிற நேரத்தில் அது வேண்டாத வேலை. மாமா டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றால் சர்க்கரை ஏறும். அதற்கென்று யாராவது ஒரு பொடி கொடுத்தால் அதையும் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2011இல் என் சித்தப்பா மகனுக்கு இதே வியாதி. யாரோ சொல்லி, எங்கேயோ போய், நாலு பொட்டலம் பழுப்புப் பொடி வாங்கி வந்தார்கள். நாக்கில் வைத்தால் இரும்புத் துரு மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் பிளேட்லெட் 38,000. மாத்திரையை நிறுத்தினார்கள், ஒரு சுற்று தள்ளிப்போனது. ‘வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா?’ என்று டாக்டர் கேட்டபோது அறையில் ஐந்து பேர் இருந்தோம். மருந்தியல் வாத்தியார் நானும் அதில் ஒருவன். யாரும் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் மனம் கோணக் கூடாது என்று சும்மா இருந்தேன். பொடியால்தான் இறங்கியதா, மாத்திரையாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதும்தான்.

சித்த வைத்தியத்தை நான் தள்ளவில்லை. பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போனால் என்ன கொடுக்கிறார் என்று பெயரோடு எழுதித் தருவார், அதை அப்படியே புற்றுநோய் டாக்டரிடம் காட்டலாம். பாதரசம், கந்தகம், தாளகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் மட்டும் கீமோ முடியும்வரை வேண்டாம். எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் வைத்து வைத்தியம் நடத்தியபோது, கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தார்கள். சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கிறது. பெயர் எழுதாத பொட்டலம் தருகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏடுகள்தான் ஞாபகம் வரும்.

உறவினரிடம் சண்டை போடாதீர்கள். அவரும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று தவிக்கிறவர்தான். அந்தப் பட்டியலை வாங்கி ஃபைலில் வையுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எடுத்துக் காட்டுங்கள். ஆறு வாரமும் காரில் கூட்டிப் போய் வரும் பொறுப்பில் இரண்டு நாளை அவரிடம் கொடுங்கள்.

சாப்பாட்டில் மஞ்சள், சீரகம், பூண்டு, வெங்காயம் எல்லாம் வழக்கம் போல இருக்கட்டும். ராத்திரி அத்தை பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொடுத்தால் தாராளமாகக் குடிக்கட்டும். டெமோசோலமைடு வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை, அதனால் மாத்திரை நேரத்துக்கு ஒட்டிக் கொடுக்க வேண்டாம். வாய்க்கு ருசி இல்லாத நாட்களில் ரசம்தான் இறங்கும், அதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மிளகுக் கஷாயம் என்று தனியாகக் காய்ச்சுவதற்கு முன்னால் வலிப்பு மாத்திரையின் பெயரைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். சீட்டைப் படம் எடுத்து அனுப்புவதானால் மாமா பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.